செங்கல் சுவரும் மழையும்: கோட்டிங் வாங்குவதற்கு முன்

பூசாமல் விட்ட செங்கல் சுவர் வைத்து வீடு கட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் மறுபடி சூடுபிடித்திருக்கிறது. இயந்திரத்தில் கம்பியால் அறுத்த வயர்கட் செங்கல்லை வரிசை பிசகாமல் கட்டி, கல்லுக்குக் கல் உள்ள இணைப்பைக் கலவையால் அடைத்து முடிக்கும் பாயிண்டிங் மட்டும் எடுத்துவிட்டால் போதும். பூச்சுவேலையும் பெயின்ட்டும் மிச்சம் என்பது கணக்கு. புதிதில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சில மழைக்காலம் போனதும் அங்கங்கே வெள்ளைத் திட்டு, வடக்குச் சுவரில் கறுப்புப் பாசி, அதே சுவரின் உள்பக்கம் பெயின்ட் கொப்பளம். உடனே பெயின்ட் கடைக்குப் போய், "இதுக்கு மேல என்ன அடிக்கலாம்?" என்று கேட்கிறோம். கடைக்காரரும் ஒரு டப்பாவை எடுத்து வைக்கிறார்.

கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. தண்ணீர் எந்த வழியாகச் சுவருக்குள் போகிறது, போன தண்ணீர் எப்படி வெளியே வருகிறது என்று பார்க்காமல் எதையாவது பூசினால், சுவர் முன்பைவிடச் சீக்கிரம் கெட்டுப்போவதும் உண்டு. அது ஏன் என்பதிலிருந்து தொடங்கலாம். செங்கல் வெளியே தெரியும் சுவரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். சிமென்ட் பூசிய சுவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

செங்கல் தண்ணீர் குடிக்கும்

சுட்ட மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். தண்ணீர் பட்டால் அவை இழுத்துக்கொள்ளும். சாதாரணச் செங்கல்லை 24 மணி நேரம் ஊறவைத்தால் அதன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் ஏறக்கூடாது என்பது ஐஎஸ் 1077 என்ற இந்தியத் தரவிதி. வலுக் கூடிய ரகங்களுக்கு 15 சதவீதம். அதாவது 3 கிலோ செங்கல் ஒன்று 600 கிராம் தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டாலும் அது தேறிய செங்கல்தான். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த கல்லைச் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு நாள் வாளியில் மூழ்கவைத்து, துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தால் கணக்கு வந்துவிடும். லோடு இறக்குவதற்கு முன் நாலைந்து கல்லை இப்படிப் பார்த்துவிடுவது நல்லது. வேகாத கல் சுவரில் ஏறிவிட்டால் அப்புறம் எந்த மருந்தும் அதைக் காப்பாற்றாது.

சரி, செங்கல் தண்ணீர் குடிப்பது குறையா? இல்லை. நனைந்த சுவர் வெயில் வந்தால் காய்ந்துவிடும். நனையும் வேகத்துக்குக் காயும் வேகம் ஈடுகொடுக்காதபோதுதான் ஓதம் தங்குகிறது. அதோடு உப்பும் சேர்ந்தால் செங்கல்லே உதிரத் தொடங்கும்.

இந்த உப்பு விஷயத்தைப் புரிந்துகொள்ள, கோடையில் வைக்கும் மண்பானையைப் பாருங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் மெல்லக் கசிந்து வெளிப்பக்கம் வந்து ஆவியாகிறது, பானை குளிர்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்றிய பானையென்றால் கொஞ்ச நாளில் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்துவிடும். தண்ணீர் காற்றில் போய்விட்டது, அதில் கரைந்திருந்த உப்பு போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. சுவரில் நடப்பதும் இதேதான். உப்பு செங்கல் மண்ணிலேயே இருந்திருக்கலாம்; கலவைக்கு ஊற்றிய போர் தண்ணீரில், சரியாகக் கழுவாத மணலில், அஸ்திவாரத்தைச் சுற்றியுள்ள மண்ணில், கடலோர ஊர் என்றால் காற்றிலேயே வந்திருக்கலாம்.

வெளியே பூத்த உப்பால் பெரிய ஆபத்து இல்லை. புதிதாகக் கட்டிய சுவரில் முதல் வருடம் இது வருவது சகஜம்; கட்டும்போது ஊற்றிய தண்ணீர் வெளியேறுகிறது, அவ்வளவுதான். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுந்த தூளைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். ஹோஸ் பிடித்துக் கழுவக்கூடாது. கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும், காய்ந்ததும் மறுபடி வெளியே வரும். சில கொத்தனார்கள் ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். கல் அப்போதைக்குப் பளிச்சென்று ஆகும். ஆனால் அந்த ஆசிட் இணைப்பிலுள்ள சிமென்ட்டையும் அரிக்கும், கழுவி முடித்தபின் சுவருக்குள் புதிதாகக் குளோரைடு உப்பையும் விட்டுவிட்டுப் போகும். வேண்டாம்.

உப்பு வெளியே வராமல் கல்லின் முகத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் படிகமானால்தான் சிக்கல். வளர்கிற படிகம் நுண்துளையின் சுவரை உள்ளிருந்து நெருக்குகிறது. மழைக்கு நனைந்து கரைந்து, வெயிலுக்கு மறுபடி படிகமாகி, இப்படிப் பலமுறை நடந்ததும் கல்லின் முகம் பொரிந்து தூளாகக் கொட்டும். கையால் தடவினால் சிவப்பு மாவு ஒட்டும்.

இப்போது அந்தக் கடைக்காரரின் டப்பாவுக்கு வருவோம். அதில் இருப்பது பளபளப்பான படலம் போடும் கிளியர் கோட் என்றால், அது தண்ணீர் வெளியேறும் வாசலை அடைத்துவிடுகிறது. மழை முகத்தின் வழியே வராமல் இருக்கலாம். கீழிருந்தோ மேலிருந்தோ விரிசல் வழியாகவோ வந்த தண்ணீர் படலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. உப்பு அங்கேயே படிகமாகிறது. சில வருடத்தில் படலம் உரியும்போது தனியாக உரியாது, செங்கல்லின் தோலையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

கறை எந்த உயரத்தில் இருக்கிறது?

மருத்துவர் நாடி பார்ப்பதற்குச் சமமான வேலை ஒன்று இருக்கிறது, அதற்குக் காசு ஆகாது: கறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பது. தரையிலிருந்து மூன்றடி வரை நீளவாக்கில் ஒரே பட்டையாக இருந்தால், கீழிருந்து ஏறும் ஓதம். மாடித் தளத்துக்கு அடியில் இருந்தால் மொட்டை மாடியையோ கைப்பிடிச் சுவரையோ சந்தேகிக்க வேண்டும். ஜன்னலின் கீழ் மூலைகளில் இருந்தால் ஜன்னல் மேடையில் வாட்டம் சரியில்லை. மே மாத வெயிலிலும் ஓர் இடம் ஈரமாகவே இருந்தால் அது மழைத் தண்ணீரே இல்லை, சுவருக்குள் போகும் குழாய் கசிகிறது.

கீழிருந்து ஏறுவதை முதலில் பார்க்கலாம். மண்ணிலுள்ள ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏறாமல் இருக்கத்தான் பேஸ்மென்ட் மட்டத்தில் ஒரு தடுப்பு வைக்கிறார்கள். வாட்டர்புரூஃபிங் கலந்த கான்கிரீட் படுகையாகவோ தார்ப் பூச்சாகவோ அது இருக்கும். பல வீடுகளில் சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் உத்தரமான பிளிந்த் பீமே ஓரளவு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பழைய வீடுகள் சிலவற்றில் தடுப்பே கிடையாது.

தடுப்பு இருந்தும் ஓதம் ஏறும் வீடுகளைத்தான் நம் ஊரில் அதிகம் பார்க்கலாம். காரணம் தெருவில் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் ஒவ்வொரு முறையும் மேலேயே ரோடு போட்டால், ரோடு உயர்ந்துகொண்டே போகும், வீடு பள்ளத்தில் இறங்கிக்கொண்டே போகும். மழைக்குத் தெருத் தண்ணீர் உள்ளே வருகிறதே என்று வீட்டுக்காரர் முற்றத்தில் மண் கொட்டி உயர்த்துகிறார், மேலே சிமென்ட் தளமும் போடுகிறார். அந்த மண் சுவரிலுள்ள தடுப்பைத் தாண்டி மேலே போய்விட்டால், ஈரம் தடுப்பைச் சுற்றிக்கொண்டு நேராகச் செங்கல்லுக்குள் நுழைகிறது. சுவரை ஒட்டிப் பூச்செடிக்கு மண் அணைப்பதும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஆகவே ஓதம் ஏறும் சுவரில் முதல் வேலை கடப்பாரையோடு தொடங்குகிறது. சுவரை ஒட்டியுள்ள மண், தடுப்பு மட்டத்துக்குக் குறைந்தது அரை அடி கீழே இருக்கும்படி வெட்டி இறக்க வேண்டும். முற்றம் முழுக்க முடியாவிட்டால் சுவரோரம் ஓர் ஆழமான வாய்க்கால் எடுத்து, ஜல்லி நிரப்பி, தண்ணீர் ஓடிப்போக வழி செய்யலாம். அப்புறம் சுவரைச் சுற்றி இரண்டரை, மூன்றடி அகலத்தில் வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்த கான்கிரீட் தளம். இது கூரைத் தண்ணீர் அஸ்திவாரத்தின் காலடியிலேயே இறங்காமல் தள்ளிவிடும்.

தடுப்பே இல்லாத வீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. கீழ் வரிசைக் கலவை இணைப்பில் வரிசையாகத் துளைகள் போட்டு, சிலேன் என்ற நீர்விலக்கும் ரசாயனம் கொண்ட கிரீமை உள்ளே செலுத்துவார்கள். அது பரவி, அந்த வரிசையைத் தண்ணீர் ஒட்டாததாக மாற்றிவிடும். முறையாகச் செய்தால் பலன் உண்டு. முற்றத்து மண்ணை இறக்காமல் செய்தால் துளை போட்ட கூலியும் போச்சு. அதன் பிறகும் சுவர் உடனே காயாது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்று கட்டுமானத்தில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒன்பது அங்குலச் சுவருக்கு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லோரும் செய்வது ஒன்று இருக்கிறது: ஓதம் ஏறிய இடத்தை மறைக்க நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவது. டைல்ஸ் ஒட்டிய பகுதியில் ஆவியாக முடியாத தண்ணீர் இன்னும் மேலே ஏறி, டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேல் வந்து பூக்கும். ஏற்கெனவே உப்பு ஏறிய பூச்சு இருந்தால், கறை தெரியும் இடத்துக்கு மேலும் ஓர் அடி சேர்த்துக் கொத்தி எடுத்துவிட வேண்டும். குளோரைடு உப்பு காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. கசிவை நிறுத்திய பிறகும் மூடாக்கு நாளில் அந்தத் திட்டு மட்டும் நனைந்து தெரிவது அதனால்தான்.

வடக்குச் சுவரும் சொட்டுப் பள்ளமும்

பாசி ஏன் வடக்குச் சுவரில்தான் அதிகம் பிடிக்கிறது? சென்னைப் பக்கம் வருட மழையில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்தக் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, மழையைச் சாய்வாக அடித்து வடக்கு, கிழக்குச் சுவர்களை நனைக்கிறது. அதே மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சுவரில் நேர் வெயில் விழுவதே இல்லை. கிழக்குச் சுவராவது காலை வெயிலில் காய்ந்துவிடும். ஆகக் கையில் இருக்கும் பணம் ஒரு சுவருக்குத்தான் போதும் என்றால் அதை வடக்கில் செலவிடுங்கள். கன்னியாகுமரியிலோ நீலகிரியிலோ இருப்பவர்கள் தென்மேற்கு மழையைப் பார்த்து இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மழை சுவரைத் தொடாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பூசாத செங்கல்லிலேயே வீடு வீடாகக் கட்டினார்; நம்மைவிட அதிகம் மழை பெய்யும் ஊர் அது. அவர் வீடுகளில் கூரை விளிம்பு சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்கும். இங்கே நாம் செங்கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு கூரை விளிம்பை விட்டுவிட்டோம். பெட்டி மாதிரி வீடு, நீட்டல் எதுவும் இல்லாத முகப்பு, அதில் பூசாத செங்கல் என்றால், மழை அத்தனையும் அந்தச் சுவரில்தான் வழியும்.

சன்ஷேட் இருந்தாலும் அதன் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். வெளி விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, நீளத்துக்கும் ஒரு சின்னப் பள்ளம் ஓட வேண்டும். மழைத் தண்ணீர் விளிம்பில் வந்ததும் அப்படியே விழுந்துவிடாது. கான்கிரீட்டை ஒட்டிக்கொண்டு அடிப்பக்கமாக ஊர்ந்து சுவர் வரை வந்துவிடும். வழியில் பள்ளம் குறுக்கிட்டால் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையில் ஒரு கம்பியையோ ரீப்பர் மரச்சட்டத்தையோ வைத்துக் கான்கிரீட் போட்டால் பள்ளம் தானாக வந்துவிடும், கூடுதல் செலவு என்று எதுவும் இல்லை. மறந்துவிட்ட வீடுகளில் அடிப்பக்கம் ஓர் அலுமினியக் கோணப்பட்டையைப் பசை வைத்து ஒட்டினால் அதே வேலை நடக்கும். ஜன்னல் மேடைக்கும் இந்தப் பள்ளம் வேண்டும்.

கைப்பிடிச் சுவருக்கு இரண்டு பக்கமும் மழை, தலையிலும் மழை. வீட்டிலேயே அதிகம் நனைவது அதுதான், அதிகம் கவனிக்காமல் விடுவதும் அதுதான். அதன் தலையில் மாடிப்பக்கம் வாட்டம் வைத்து, இரு பக்கமும் ஓர் அங்குலம் நீட்டி, அடியில் பள்ளம் வைத்த மூடி போட வேண்டும். விரிசலில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், வேரோடு கல்லும் வரும். வெட்டிவிட்டு, வேர் செத்த பிறகு விரிசலை அடைக்க வேண்டும். ஏசி தண்ணீர்க் குழாய் சுவரில் சொட்டிக்கொண்டிருந்தால் அதை இன்றைக்கே தள்ளி வைத்துவிடலாம்; தினமும் ஒரே இடத்தில் சொட்டும் தண்ணீர் மழையைவிட மோசம்.

மழை சுவருக்குள் புகுவது பெரும்பாலும் கல்லின் உடம்பு வழியாக அல்ல, கல்லும் கலவையும் சேரும் மயிரிழை இடைவெளி வழியாக. அதனால் பாயிண்டிங் அழகுக்கான வேலை மட்டும் இல்லை. பழைய இணைப்பை முக்கால் அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, நனைத்து, கலவையை அழுத்தி அழுத்தித் திணிக்க வேண்டும். மேலாகத் தடவிவிட்டால் ஒரு கோடையிலேயே வாய் பிளந்துவிடும். வெயிலில் செய்யும் வேலை என்பதால் ஒரு வாரமாவது நனைத்து ஆற்ற வேண்டும். கலவையை உள்ளே இழுத்துப் பள்ளமாக விடுவது இப்போது ஃபேஷன். நிழல் விழுந்து வரிசை எடுப்பாகத் தெரியும். மழை அடிக்கும் சுவரில் அது ஒவ்வொரு வரிசையிலும் தண்ணீர் உட்கார ஒரு திண்ணை கட்டிக் கொடுப்பதுதான். முகமட்டமாகவோ, லேசாக உட்குழிந்து அழுத்தமாகவோ முடிப்பது மேல்.

கலவை எவ்வளவு வலுவோ அவ்வளவு நல்லது என்று கொத்தனார் சொல்வார். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கலவை செங்கல்லைவிடக் கொஞ்சம் மென்மையாக இருக்க வேண்டும். சுவர் அசைந்தாலும் ஈரம் வெளியேறினாலும் கெடுவது இணைப்பாக இருக்கட்டும், அதைச் சுரண்டி மறுபடி போடலாம். கல்லை மாற்றுவது லேசில் ஆகாது. சிமென்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவை இதற்கு ஒத்துவரும். சுண்ணாம்பில் கட்டிய பழைய வீட்டுக்குச் சிமென்ட் பாயிண்டிங் செய்தால் ஈரம் முழுக்கக் கல் வழியாகவே வெளியேறி, இணைப்பு அப்படியே நிற்க நடுவிலுள்ள கல் மட்டும் குழிந்துபோகும். தெருவில் நடக்கும்போது பழைய மதில்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். 1892-இல் திறந்த சென்னை உயர் நீதிமன்றக் கட்டடம் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் சிவப்புச் செங்கல்லாகவே நிற்கிறது. அது சுண்ணாம்புக் கலவைக் காலத்துக் கட்டடம்.

இப்போது டப்பா

இவ்வளவும் முடிந்த பிறகு கோட்டிங் வாங்கலாம். பூசாத செங்கல்லுக்குக் கேட்க வேண்டியது சிலேன், சிலாக்சேன் வகை நீர்விலக்கி. இது மேலே படலம் போடாது. நுண்துளைகளுக்குள் இறங்கி அவற்றின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். துளை திறந்தே இருக்கும். தண்ணீர்த் துளி உள்ளே போகாது, உள்ளிருக்கும் ஆவி வெளியே வரும். காய்ந்ததும் சுவரின் நிறமும் ஏறத்தாழ மாறாது. எப்போதும் நனைந்த மாதிரி மினுமினுப்பு வேண்டும் என்பவர்கள் படலம் போடும் ரகத்தைத்தான் கேட்கிறார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும், அதனால் எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இன்னொன்று, நீர்விலக்கி விரிசலை அடைக்காது, கீழிருந்து ஏறும் ஓதத்தையும் தடுக்காது. முகத்தில் அடிக்கும் மழைக்கு மட்டும்தான் அது.

சிமென்ட் பூசிய சுவருக்கு விரிசலை அடைத்து, ஆவி வெளியேற விடும் வெளிப்புற எமல்ஷன் போதும். சுண்ணாம்பில் பூசிய பழைய சுவருக்கு வெள்ளையடிப்பதே நல்லது. அதைப் பிளாஸ்டிக் பெயின்ட்டால் மூடுவதைப் போலக் கெடுதல் வேறில்லை.

எப்போது அடிப்பது? கார்த்திகை, மார்கழியில் நனைந்த சுவர் பங்குனி, சித்திரை வாக்கில்தான் உள்வரை காய்ந்திருக்கும். மாசியில் பாயிண்டிங்கை முடித்து, அது ஆறி இறுகச் சில வாரம் விட்டு, கோடையில் அடிப்பது சரியாக வரும். காலை நேரமாக இருக்க வேண்டும். சூடேறிய சுவரில் மருந்து உள்ளே இறங்குவதற்குள் ஆவியாகிவிடும். ஜன்னல் கண்ணாடிகளை மூடிவிட்டு, கைத்தெளிப்பானால் கீழிருந்து மேலாக, தெளித்த இடத்திலிருந்து அரை அடிக்கு வழியும் அளவு நிறையவே கொடுக்க வேண்டும். முதல் கை ஈரமாக இருக்கும்போதே இரண்டாவது கை. சிக்கனம் பார்த்துத் தண்ணீர் கலந்து நீட்டினால் பயன் இல்லை.

மொத்தச் சுவரையும் தொடும் முன் மூலையில் ஒரு சதுர அடிக்கு அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நாள் கழித்துத் தண்ணீரை வீசிப் பாருங்கள். கல் நிறம் கறுக்காமல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும். கல்லில் உருண்டு ஓடி இணைப்பில் மட்டும் கறுத்தால் மருந்தைக் குறை சொல்ல வேண்டாம், பாயிண்டிங் சரியாக அழுந்தவில்லை. அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி பிறக்கும் முன் இதே மாதிரி நாலு இடத்தில் தண்ணீர் வீசிப் பார்த்தால், மறுபடி எப்போது அடிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.